கோலின் மாத்திரைகளில் எது மூளைக்கு உதவும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருந்தாளுநராக நான் நிற்கும் மேசைக்கு முன்னால் ஞாபக சக்திக்கு மாத்திரை கேட்டு வருகிறவர்கள் மூன்று வகையினர். தேர்வு எழுதப் போகும் பிள்ளையின் பெற்றோர், பக்கவாதம் வந்தவரைப் பார்த்துக்கொள்ளும் குடும்பத்தினர், பெயர்கள் மறந்துபோகத் தொடங்கிவிட்டதே என்று அஞ்சும் அறுபது வயதுக்காரர்கள். அண்மைக் காலமாக இவர்கள் அனைவரும் 'கோலின்' என்ற சொல்லைக் கேள்விப்பட்டுவிட்டே வருகிறார்கள். அவர்கள் கேட்டவற்றையும், கேட்கத் தவறியவற்றையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

கோலின் என்பது என்ன? மூளைக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

கோலின் உடலுக்கு இன்றியமையாத ஒரு சத்துப்பொருள். 1862-இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஆடால்ஃப் ஸ்ட்ரெக்கர் பித்தநீரை ஆராய்ந்தபோது அதற்குக் கோலின் என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் 'கோலே' என்றால் பித்தம். நம் கல்லீரல் தானாகவே கொஞ்சம் கோலினை உருவாக்கிக்கொள்கிறது. ஆனால் அது போதாது என்பதால், 1998-இல் அமெரிக்காவின் மருத்துவ நிறுவனம் (Institute of Medicine) இதனை உணவிலிருந்து பெற்றே தீர வேண்டிய சத்துகளின் வரிசையில் சேர்த்தது.

மூளையில் இதற்கு இரண்டு வேலைகள் உண்டு. ஒவ்வொரு உயிரணுவையும் போர்த்தியிருக்கும் சவ்வில் பாஸ்ஃபடைடில்கோலின் என்ற கொழுப்புப் பொருள் பெரும்பங்கு வகிக்கிறது. அதைக் கட்டுவதற்குக் கோலின் தேவை. கவனம், நினைவு, தசை அசைவு ஆகியவற்றுக்கான செய்தியை ஒரு நரம்பிலிருந்து அடுத்ததற்குக் கொண்டுசெல்லும் அசிட்டைல்கோலினும் இதிலிருந்தே உருவாகிறது. நரம்புகள் வேதிப்பொருள் வழியாகப் பேசிக்கொள்கின்றன என்று நிறுவியதற்காக ஹென்றி டேல், ஓட்டோ லோவி இருவருக்கும் 1936-இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஆய்வுகளின் நடுவில் இருந்த பொருள் அசிட்டைல்கோலின்தான்.

இந்த இரண்டாவது வேலையைக் காட்டித்தான் எல்லா விளம்பரங்களும் 'கோலின் கூடினால் நினைவாற்றல் கூடும்' என்று சொல்கின்றன. மூலப்பொருளைக் கூட்டினால் விளைபொருளும் கூடும் என்ற இந்தக் கணக்கு உடலுக்குள் அப்படியே செல்லுபடியாவதில்லை. ஏற்கெனவே போதிய கோலின் உள்ள ஒருவருக்கு மேலும் கொடுத்தால் மூளை அந்த அளவுக்கு அதிகமாக அசிட்டைல்கோலினைச் செய்துவிடாது.

ஒரு நாளைக்கு எவ்வளவு தேவை?

அமெரிக்கப் பரிந்துரையின்படி வளர்ந்த ஆண்களுக்கு 550 மி.கி., பெண்களுக்கு 425 மி.கி., கர்ப்பிணிகளுக்கு 450 மி.கி., பாலூட்டும் தாய்மார்களுக்கு 550 மி.கி. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இல் வளர்ந்தவர் அனைவருக்கும் 400 மி.கி. போதும் என்றும், கர்ப்பிணிகளுக்கு 480 மி.கி., பாலூட்டுபவர்களுக்கு 520 மி.கி. என்றும் வகுத்தது.

இந்த எண்களைப் பார்க்கும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். அமெரிக்காவின் 550 என்ற எண், கோலின் இல்லாத உணவை உண்ட ஆண்களின் கல்லீரல் பாதிக்கப்பட்டதைக் கண்டு, அந்தப் பாதிப்பைத் தடுக்கத் தேவையான அளவாக வைக்கப்பட்டது. இவ்வளவு கோலின் இருந்தால் மூளை நன்றாக வேலை செய்யும் என்று அளந்து சொன்ன எண் அன்று அது. ஆகவே 400 மி.கி. மட்டுமே பெறுகிற ஓர் ஆணின் நினைவாற்றல் குறைந்துகொண்டிருக்கிறது என்று எவரேனும் உங்களை அச்சுறுத்தினால் நம்ப வேண்டியதில்லை.

முட்டை, இறைச்சி உண்ணாதவர்களுக்கு உணவிலிருந்தே இது கிடைக்குமா?

முட்டை உண்பவர்களுக்கு இது மிக எளிது. 50 கிராம் எடையுள்ள ஒரு முட்டையில் ஏறத்தாழ 147 மி.கி. கோலின் உள்ளது, கிட்டத்தட்ட முழுவதும் மஞ்சள் கருவில்தான். கொலஸ்ட்ராலுக்கு அஞ்சி மஞ்சள் கருவை எடுத்து வீசிவிட்டு, மறுபுறம் கோலின் மாத்திரைக்குப் பணம் கொடுப்பவர்களை நான் வாரந்தோறும் காண்கிறேன். ஈரல் இதைவிடச் செறிவானது. சமைத்த மாட்டு ஈரல் 85 கிராமில் 350 மி.கி.க்கும் மேல் உண்டு. கோழி, மீன் ஆகியவற்றில் அதே எடைக்குச் சுமார் 70 மி.கி. கிடைக்கும்.

சைவ உணவில் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கோப்பைப் பால் 43 மி.கி., ஒரு கோப்பைத் தயிர் 38, ஒரு பெரிய உருளைக்கிழங்கு 57, வேகவைத்த ராஜ்மா அரைக் கோப்பை 45, ஒரு கைப்பிடி நிலக்கடலை 24, காலிஃபிளவர் அரைக் கோப்பை 24. இத்தனையும் ஒரே நாளில் உண்டாலும் 231 மி.கி.தான் ஆகிறது. வறுத்த சோயா அரைக் கோப்பை சேர்ந்தால் இன்னும் 107 மி.கி. கூடும். சோறும் பருப்பும் காய்களும் தங்கள் பங்குக்குச் சிறிது சேர்க்கும். ஆக, பாலும் பயறும் தாராளமாக உண்ணும் சைவர் ஐரோப்பிய அளவை நெருங்க முடியும்; பாலையும் தவிர்ப்பவருக்கு அது கடினம். துணை மாத்திரையைப் பற்றி நியாயமாக யோசிக்கத்தக்கவர்களில் இவர்கள் முன்னிற்கிறார்கள்.

கடையில் கிடைக்கும் கோலின் வகைகள் எவை? ஒன்றுக்கொன்று என்ன வேறுபாடு?

என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்தில் கவனமாகப் படிக்க வேண்டிய விடை இதுவே. புட்டியின் முன்புறத்தில் பெரிதாக அச்சிட்டிருக்கும் மி.கி. பெரும்பாலும் சேர்மத்தின் எடை. அதற்குள் இருக்கும் கோலினின் எடை வேறு. கோலின் எப்போதும் இன்னொரு பொருளோடு பிணைந்தே மாத்திரைக்குள் வருகிறது. அந்தத் துணைப்பொருளின் எடையைக் கழித்துப் பார்க்காமல் இரண்டு புட்டிகளை ஒப்பிடவே முடியாது.

கோலின் பைடார்ட்ரேட் என்பது உப்பு வடிவம்; மிக மலிவானது. எடையில் 41 விழுக்காடு கோலின் என்பதால், 500 மி.கி. மாத்திரை ஏறத்தாழ 205 மி.கி. கோலினைத் தருகிறது.

சிட்டிகோலின் என்பது கோலினும் சைட்டிடினும் பாஸ்பேட்டு வழியாகப் பிணைந்த பொருள். நம் உடலே உயிரணுச் சவ்வைக் கட்டும் வழியில் இதைத் தயாரிக்கிறது. எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் கோலின். 500 மி.கி. உண்டால் கிடைப்பது சுமார் 106 மி.கி. வாயால் உட்கொண்டதும் குடலிலும் கல்லீரலிலும் அது உடைந்து கோலினாகவும் சைட்டிடினாகவும் பிரிகிறது. மனித உடலில் சைட்டிடின் பெரும்பாலும் யூரிடினாக மாறி மூளையை அடைகிறது. விழுங்கிய மாத்திரை முழு உருவத்தில் மூளைக்குள் போய் உட்கார்ந்துவிடுவதில்லை.

ஆல்ஃபா ஜிபிசி எனப்படுவது கிளிசரோபாஸ்ஃபோகோலின். தூய நிலையில் எடையின் 40 விழுக்காடு கோலின். ஆனால் தூய பொருள் காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும் என்பதால், பல நிறுவனங்கள் பாதிக்குப் பாதி சிலிக்கா போன்ற பொருள் கலந்த தூளையே உறையில் அடைக்கின்றன. ஒருவர் என்னிடம் கொண்டுவந்த புட்டியின் முகப்பில் '300 மி.கி.' என்று இருந்தது. பின்புறம் சிறிய எழுத்தில் '50 விழுக்காடு' என்று இருந்தது. 300-இல் பாதி 150. அதில் 40 விழுக்காடு 60. ஒரு முட்டையில் உள்ளதில் பாதிகூட இல்லை. அந்தப் புட்டிக்கு அவர் கொடுத்த விலையில் இரண்டு மாதத்துக்கு நாளொரு முட்டை வாங்கியிருக்கலாம்.

லெசித்தின், சோயாவிலிருந்தோ சூரியகாந்தியிலிருந்தோ எடுக்கப்படும் எண்ணெய்ப்பசை கலவை. அதில் ஒரு பகுதி மட்டுமே பாஸ்ஃபடைடில்கோலின். பாஸ்ஃபடைடில்கோலினிலும் 13 விழுக்காடுதான் கோலின். ஆகவே 1200 மி.கி. லெசித்தின் குளிகை ஒன்று 30 முதல் 55 மி.கி. வரையே கொடுக்கும். கோலின் பற்றாக்குறையை ஈடுகட்ட இதை நம்புவது வீண்.

அப்படியானால் மூளைக்கு எது சிறந்தது: சிட்டிகோலினா, ஆல்ஃபா ஜிபிசியா?

நலமாக இருக்கும் ஒருவருடைய நினைவாற்றலை இவ்விரண்டில் எதுவும் உறுதியாகக் கூட்டும் என்று சொல்ல இன்றுள்ள சான்றுகள் போதவில்லை. இதைச் சொல்லும்போது எதிரில் நிற்பவரின் முகம் வாடுவதைப் பார்க்கிறேன்; இருந்தாலும் சொல்லாமல் விற்க எனக்கு மனம் வருவதில்லை.

சிட்டிகோலினுக்கு ஆதரவாக 2021-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. வயதுக்கேற்ற மறதி உடைய, மற்றபடி நலமான, 50 முதல் 85 வயது வரையிலான 100 பேரில் ஒரு பாதியினர் நாள்தோறும் 500 மி.கி. வீதம் 12 வாரம் உட்கொண்டார்கள். ஒப்பிடுவதற்காக மருந்தே இல்லாத வெற்று மாத்திரை உண்டவர்களைவிட நிகழ்வுகளை நினைவுகூரும் திறன் அவர்களுக்குக் கூடுதலாக முன்னேறியது. நல்ல செய்திதான். ஆனால் ஆய்வு சிறியது, காலம் மூன்று மாதம், செலவை ஏற்றது அந்தப் பொருளைத் தயாரிக்கும் நிறுவனம். ஆல்ஃபா ஜிபிசிக்கான சான்று பெரும்பாலும் நோயாளிகளிடமிருந்து வந்தது. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன். இரண்டையும் நேருக்கு நேர் மோதவிட்டு எது மேல் என்று தீர்ப்பளிக்கும் அளவுக்குப் பெரிய ஆய்வு இல்லாதபோது, 'இதுதான் அதைவிடப் பல மடங்கு வலுவானது' என்ற விளம்பரச் சொல்லுக்கு அடிப்படை இல்லை.

பக்கவாதத்துக்குப் பிறகு மருத்துவர் சிட்டிகோலின் எழுதிக் கொடுத்திருக்கிறார். எவ்வளவு காலம் தொடர வேண்டும்?

நம் நாட்டில் சிட்டிகோலின் ஊசியாகவும் மாத்திரையாகவும் மருத்துவர்கள் எழுதும் மருந்து. தனியாகவும், பைராசெட்டம் என்ற இன்னொரு மருந்துடன் சேர்ந்தும் வருகிறது. தொடக்க காலச் சிறிய ஆய்வுகள் நம்பிக்கை தந்தன. பிறகு ஐரோப்பாவில் 2298 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2012-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. நாளொன்றுக்கு 2000 மி.கி. வீதம் ஆறு வாரம் கொடுத்தும், வெற்று மருந்து பெற்றவர்களைவிட அதைப் பெற்றவர்கள் கூடுதலாகத் தேறிவிடவில்லை. அதே ஆண்டு அமெரிக்காவில், தலையில் அடிபட்ட 1213 பேரிடம் 90 நாள் நடத்திய ஆய்விலும் இதே முடிவுதான் கிடைத்தது. எனவே எவ்வளவு காலம் என்ற கேள்வியை எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே வெளிப்படையாகக் கேளுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நீங்களாக ஆண்டுக்கணக்கில் நீட்டிக்கவும் வேண்டாம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. என் பெரியப்பாவுக்கு இடப்பக்கம் வாதம் வந்து மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பியபோது சீட்டில் ஆறு மருந்துகள் இருந்தன. இரண்டாண்டு கழித்து ஊருக்குப் போய் அவருடைய மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தேன். சிட்டிகோலின் அட்டை ஒரு நாள்கூடத் தவறாமல் தீர்ந்திருந்தது. இரத்த அழுத்த மாத்திரை அட்டையில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது, தேதியும் கடந்திருந்தது. "இது மூளை மாத்திரை, இதை விடக் கூடாதுல்ல. அது பிரஷருக்குத்தானே, இப்போ நல்லாத்தான் இருக்கேன்" என்றார். அடுத்த பக்கவாதத்தைத் தடுக்கும் வல்லமை உள்ள மாத்திரைதான் அந்தத் தீராத அட்டையில் இருந்தது. வீட்டில் பக்கவாதம் வந்தவர் இருந்தால், கோலினைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன்னால் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, இரத்தம் உறையாமல் காக்கும் மருந்து ஆகியவை தவறாமல் உள்ளே போகின்றனவா என்று டப்பாவைத் திறந்து எண்ணிப் பாருங்கள்.

அல்சைமர் நோய்க்கு இது பயன்படுமா?

அல்சைமர் நோயாளிகளின் மூளையில் அசிட்டைல்கோலின் குறைந்திருப்பது 1970-களில் தெரியவந்தது. உடனே பலர் லெசித்தினையும் கோலினையும் கொடுத்துப் பார்த்தார்கள், பலன் இல்லை. அசிட்டைல்கோலினைத் தயாரிக்கும் நரம்பணுக்களே மடிந்துகொண்டிருக்கும்போது, நெசவாளர் இல்லாத தறியில் நூலைக் குவிப்பது போல மூலப்பொருளைக் கொட்டிப் பயனில்லை. இருக்கும் அசிட்டைல்கோலின் சிதையாமல் காக்கும் டொனெபெசில் போன்ற மருந்துகள் ஓரளவு உதவியது இதனால்தான்.

ஆல்ஃபா ஜிபிசி இங்கே சற்று மேலான நிலையில் உள்ளது. மெக்சிகோவில் லேசானது முதல் நடுத்தரம் வரையிலான அல்சைமர் நோய் உடைய 261 பேரிடம் நடந்து 2003-இல் வெளிவந்த ஆய்வில், நாளுக்கு மூன்று வேளை 400 மி.கி. வீதம் 180 நாள் உட்கொண்டவர்களின் அறிவுத்திறன் சோதனை மதிப்பெண் மேம்பட்டது. மருத்துவர் மேற்பார்வையில், நோயாளிக்கு, நாளுக்கு 1200 மி.கி. கொடுத்துக் கிடைத்த முடிவு அது. அதைக் காட்டி நலமான ஒருவருக்கு 150 மி.கி. விற்பது முறையாகாது.

உணவில் கோலின் மிகுதியாக உண்டவர்களுக்கு மறதிநோய் குறைவு என்று படித்தேன். உண்மையா?

கிழக்கு ஃபின்லாந்தின் குவோப்பியோ பகுதியில் 2497 ஆண்களை நெடுங்காலம் கவனித்த ஆய்வு 2019-இல் வெளிவந்தது. உணவு வழியாகப் பாஸ்ஃபடைடில்கோலின் மிகுதியாகப் பெற்றவர்களுக்கு மறதிநோய் வாய்ப்பு 28 விழுக்காடு குறைவாக இருந்தது. அவர்களுக்கு அது முட்டையிலிருந்தும் இறைச்சியிலிருந்தும் வந்தது, மாத்திரையிலிருந்து அன்று. முட்டையோடு சேர்ந்து வரும் மற்ற சத்துகளும், அப்படி உண்பவர்களின் வாழ்க்கை முறையும் இதில் கலந்திருக்கின்றன.

பொதுத்தேர்வு எழுதும் மாணவர்களுக்குக் கொடுக்கலாமா?

வேண்டாம் என்பதே என் கருத்து. 2016-இல் வெளிவந்த ஆய்வில், நலமான இளையோருக்கு 2 கிராமுக்கும் மேற்பட்ட கோலின் பைடார்ட்ரேட்டை ஒரே தடவையில் கொடுத்துச் சோதித்தும் நினைவாற்றல் மேம்படவில்லை.

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரியில் ஞாபக சக்தி டானிக் விற்பனை ஏறும். பன்னிரண்டாம் வகுப்பு மகனுக்காக ஓர் அம்மா புட்டியை நீட்டி, "சார், இதுல கோலின் இருக்காம், டியூஷன்ல சொன்னாங்க" என்றார். பின்புறத்தைப் படித்தோம்: ஒரு தேக்கரண்டிக்குக் கோலின் பைடார்ட்ரேட் 20 மி.கி. அதாவது கோலின் 8 மி.கி. பையன் எத்தனை மணிக்குப் படுக்கிறான் என்று கேட்டேன். இரவு ஒன்றரை, எழுவது ஐந்து என்றார். மூன்றரை மணி நேரத் தூக்கத்தை எந்தப் புட்டியும் ஈடுசெய்யாது என்று சொல்லி, காலையில் ஒரு முட்டையும் இரவு பதினொன்றுக்குள் படுக்கையும் போதும் என்று அனுப்பினேன்.

கர்ப்பிணிகளுக்கு?

கோலினைப் பற்றி நான் தயக்கமின்றிப் பேசும் இடம் இது. கருவில் மூளை வளரும்போது தேவை கூடுகிறது. கல்லீரலின் உற்பத்தியை ஈஸ்ட்ரோஜன் தூண்டி உதவினாலும் தாயின் சேமிப்பு கரைகிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் ஒரு பிரிவினருக்கு நாளுக்கு 480 மி.கி., மற்றொரு பிரிவினருக்கு 930 மி.கி. கொடுத்தார்கள். கூடுதல் பெற்ற தாய்மார்களின் குழந்தைகள் முதல் ஆண்டில் காட்சிகளுக்கு விரைந்து எதிர்வினை காட்டின. ஏழு வயதில் கவனத்தை நிலைநிறுத்தும் சோதனையிலும் மேலாகவே செய்தன. 26 தாய்மார்கள் மட்டுமே முடித்த சிறிய ஆய்வு என்பதை மறைக்கக் கூடாது. ஆயினும் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2018-இல் மூளை வளர்ச்சிக்கு முக்கியமான சத்துகளில் கோலினையும் பெயர் குறித்துச் சேர்த்தது.

கர்ப்ப காலத்தில் இரும்பு, ஃபோலிக் அமிலம், கால்சியம் மாத்திரைகள் கைக்கு வந்துவிடுகின்றன. அவற்றில் பெரும்பாலும் கோலின் இருப்பதில்லை. முட்டை உண்பவர் நாளுக்கு இரண்டு முட்டை உண்டால் பெரும்பகுதி நிறைந்துவிடும். முட்டையே தொடாத கர்ப்பிணிகள் மகப்பேறு மருத்துவரிடம் கோலினைப் பற்றி அவர்களே கேட்க வேண்டும். எளிய பைடார்ட்ரேட் வடிவமே போதும்.

இவற்றால் தீங்கு உண்டா?

வளர்ந்தவருக்கு நாளுக்கு 3500 மி.கி. கோலின் உச்ச வரம்பு. அதைத் தாண்டினால் இரத்த அழுத்தம் தாழும், வியர்வையில் மீன் வாடை வீசும். சாதாரண அளவிலும் சிலருக்குத் தலைவலி, வயிற்றுப் பொருமல், தூக்கமின்மை வரலாம். ஆகவே காலையில் உட்கொள்வது நல்லது.

இதயத்தைப் பற்றிய கவலையும் உண்டு. உறிஞ்சப்படாத கோலினைக் குடல் நுண்ணுயிர்கள் ட்ரைமெத்தில்அமீனாக மாற்றுகின்றன; கல்லீரல் அதை டிஎம்ஏஓ என்ற பொருளாக்குகிறது. 2013-இல் 4007 பேரிடம் நடந்த ஆய்வில், இரத்தத்தில் இது மிகுந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இறப்பு கூடுதலாக இருந்தன. நாளுக்கு 450 மி.கி. கோலின் தரும் பைடார்ட்ரேட் மாத்திரை டிஎம்ஏஓவைப் பல மடங்கு உயர்த்தி, இரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ளும் தன்மையையும் கூட்டியதாக 2017-இல் ஒரு சிறிய ஆய்வு காட்டியது. முட்டையில் உள்ள கோலின் அப்படி உயர்த்துவதில்லை.

ஆல்ஃபா ஜிபிசி பற்றி 2021-இல் தென்கொரியாவில் ஒரு பெரிய கணக்கெடுப்பு வந்தது. 50 வயதைக் கடந்த 1.2 கோடி பேரின் பதிவுகளில், இந்த மருந்தை உட்கொண்டவர்களுக்குப் பத்தாண்டுக்குள் பக்கவாதம் வரும் வாய்ப்பு 46 விழுக்காடு கூடுதலாகத் தெரிந்தது. மறதி தொடங்கியவர்களுக்கே அந்த மருந்து எழுதப்படுகிறது, அவர்களுக்கு ஏற்கெனவே இரத்தக்குழாய் நோய் இருந்திருக்கலாம்; எனவே மருந்துதான் காரணம் என்று அறுதியிட முடியாது. இருந்தும் இதய நோய் உள்ளவர்கள், முன்பு பக்கவாதம் வந்தவர்கள் ஆல்ஃபா ஜிபிசியைத் தாமாக வாங்கி உண்பதை நான் ஆதரிக்கவில்லை.

மற்ற மருந்துகளோடு மோதுமா?

பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபா உட்கொள்பவர்களும், டொனெபெசில் உட்கொள்பவர்களும், அசிட்டைல்கோலினைத் தடுக்கும் ட்ரைஹெக்சிஃபெனிடில், ஆக்சிபியூட்டினின் போன்றவற்றை உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. முதியவருக்குத் திடீர் மறதி என்றால், பி12 குறைவு, தைராய்டு, சிறுநீர்த் தொற்று, புதிதாகத் தொடங்கிய தூக்க மாத்திரை ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் வாங்க விரும்பினால் எதை வாங்குவது?

உணவில் குறை இருப்பதால் வாங்குகிறீர்கள் என்றால், நாளுக்கு 200 மி.கி. அளவுக்குக் கோலின் தரும் பைடார்ட்ரேட் போதும், விலையும் குறைவு. வயது சார்ந்த மறதிக்குச் சோதித்துப் பார்க்க விரும்பினால், மருத்துவரின் ஒப்புதலோடு சிட்டிகோலின் நாளுக்கு 500 மி.கி. வீதம் மூன்று மாதம் உட்கொள்ளலாம்; ஐரோப்பாவில் துணை உணவாக அனுமதிக்கப்பட்ட நாள் உச்சமும் அந்த 500 மி.கி.தான். தொடங்கும் நாளில், எதை மறக்கிறோம் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள்: அடுப்பை அணைக்க மறந்தது, பேரனின் பெயர் வராதது, சாவியைத் தேடியது. மூன்று மாதம் கழித்து வீட்டில் உள்ள இன்னொருவரிடம் அந்தத் தாளைக் கொடுத்து, மாற்றம் தெரிகிறதா என்று கேளுங்கள். அவருக்குத் தெரியவில்லை என்றால் அடுத்த புட்டி வாங்க வேண்டாம்.